இனந்தெரியாதோர் – 9: தம்புள்ளையில் ஒரு வெள்ளிக்கிழமை

சென்ற வாரம் அநுராதபுரத்தில் நிறுத்தினோம். 2011 செப்டெம்பரில் பிக்கு ஒருவர் முன்னே நடக்க, ஒரு கூட்டம் அங்கிருந்த முஸ்லிம் சியாரத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது. அதற்குப் பிறகு ஏழே மாதம். கூட்டம் மாத்தளை மாவட்டத்துக்கு வந்துவிட்டது.

மாத்தளையிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போனால் நாலந்தா, நாவுல, பிறகு தம்புள்ளை. நாலா திசையிலிருந்தும் லொறிகளில் மரக்கறி வந்து இறங்கும் பொருளாதார மத்திய நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1991இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த குகை விகாரையும் அங்கேதான். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் விடிய முன்னரே விலை பேசத் தொடங்கிவிடும் ஊர். அந்த ஊரில் தகரக் கூரையோடு ஒரு சிறிய பள்ளிவாசல் இருந்தது. பெயர் ஹைரியா ஜும்ஆப் பள்ளிவாசல். 1960களிலிருந்து அங்கே தொழுகை நடந்துவருவதாக நிர்வாகத்தினர் சொன்னார்கள். சற்றுத் தள்ளி பத்திரகாளி அம்மன் கோவில். இரண்டுமே விகாரையின் புனித பூமிக்குள் சட்டவிரோதமாக எழும்பியவை என்று பல மாதங்களாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது.

2012 ஏப்ரல் 19, வியாழக்கிழமை இரவு, பள்ளிவாசல்மீது பெற்றோல் குண்டு விழுந்தது. யாருக்கும் காயமில்லை. வீசியவர் யார் என்பதும் தெரியவில்லை. இந்நாட்டுச் செய்தித்தாள்களில் நாற்பது ஆண்டுகளாக நாம் படித்துவரும் அதே இனந்தெரியாதோர்தான்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஏறத்தாழ 2,000 பேர் பள்ளிவாசலை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். இவர்கள் இனந்தெரியாதோர் அல்லர். முன்னே வந்தவர் ரங்கிரி தம்புளு பீடத்தின் தலைமைப் பிக்கு இனாமலுவே சுமங்கல தேரர். விகாரைக்கென்று சொந்தமாக ஒரு வானொலியே இருந்தது. அன்று ஜும்ஆத் தொழுகை நடக்கவில்லை. தொலைக்காட்சிக் கமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன. இரண்டு நாள் கழித்து, புத்தசாசன அமைச்சையும் தன்னிடம் வைத்திருந்த பிரதமர் டி.எம். ஜயரத்ன, பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். முஸ்லிம் அமைச்சர்கள் தாங்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றார்கள். இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. காளி கோவிலுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 2013 ஒக்டோபரில் அது இடிக்கப்பட்டது.

இரவில் முகமில்லாத ஒருவன் குண்டு வீசுகிறான். பகலில் முகமுள்ளவர்கள் ஊர்வலம் வருகிறார்கள். மூன்றாம் நாள் அரசாங்கம் உத்தரவு போடுகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய காணொளித் துண்டுகள் இணையத்தில் ஏறி, தம்புள்ளையைக் கண்ணால் பார்த்திராதவர்களின் கைப்பேசிகளுக்குள் புகுந்தன. அவை எங்கே போய் முடிந்தன என்பதைச் சொல்லும் முன், இதே குகை விகாரையில் அதற்கு 164 ஆண்டுகளுக்கு முன் கூடிய இன்னொரு கூட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலும் பெயரில்லாத ஒருவர் இருந்தார்.

*

1848. ஆளுநர் டொரிங்டன் பிரபு இலங்கைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இங்கிலாந்துப் பிரதமரின் உறவினர். காலனி ஒன்றை ஆண்ட அனுபவம் இல்லாதவர். கோப்பி விலை விழுந்து கஜானா காய்ந்திருந்த நேரம். நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, படகுக்கும் வண்டிக்கும் வரி என்று வரிசையாக அறிவித்தார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும். முடியாதவர் காசு கட்ட வேண்டும். காட்டு விலங்குகளிடமிருந்து சேனையைக் காக்க நாயையும் துவக்கையும் நம்பியிருந்த மாத்தளைக் கிராமத்தானுக்கு இது வாயில் வைக்கும் சோற்றில் கை வைப்பதாக இருந்தது.

அந்த ஜூலைத் தொடக்கத்தில் கொழும்பின் ‘ஒப்சேவர்’ பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ‘ஓர் ஆங்கிலேயன்’ என்று மட்டும் கையொப்பம். அவ்வாண்டு பெப்ரவரியில் பிரான்சில் மக்கள் திரண்டு அரசனை விரட்டிய கதையைச் சொல்லி, மக்களின் பிரதிநிதிகளைக் கேட்காமல் போடும் வரி நியாயமில்லை என்று வாதாடியது. ஆங்கிலத்திலேயே நின்றிருந்தால் தோட்டத் துரைமார்களின் காலைச் சாயாவோடு அது முடிந்திருக்கும். சிங்களத்தில் மொழிபெயர்த்து ஊரூராகக் கொண்டுபோனார்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டவர் வாயில் வரிப்பட்டியல் இன்னும் நீண்டது. அரசாங்கம் நினைத்தே பார்க்காத வரிகளும் அதில் சேர்ந்தன.

ஜூலை 26 அன்று தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். அவர் தன்னைக் கண்டி அரச வம்சத்தவராகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் கீழ்நாட்டுக்காரர். ஜூலை 28 அன்று புரன் அப்பு தலைமையில் ஒரு படை மாத்தளைக்குள் இறங்கியது. கச்சேரியில் இருந்த வரிப் பதிவுகள் நாசமாயின. கோப்பிக் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. மறுநாளே படைச்சட்டம் வந்தது. வாரியப்பொல தோட்டத்தருகே கிளர்ச்சி உடைந்தது.

பிறகு தண்டனைகள். ஓகஸ்ட் 8 அன்று கண்டி போகம்பரையில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 26 அன்று குடாபொல தேரரைக் காவி உடையோடேயே நிறுத்திச் சுட்டார்கள். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் 18 பேர் மாண்டார்கள். மாத்தளை மலைகளில் எல்கடுவையில் பிடிபட்ட கொங்காலேகொட பண்டாவுக்குக் கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள்.

‘ஓர் ஆங்கிலேயன்’ என்ன ஆனார்? அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் ‘ஒப்சேவர்’ ஆசிரியரான ஐரிஷ் மருத்துவர் கிறிஸ்டோபர் எலியட் என்பதே பொதுவான கருத்து. கிளர்ச்சிக்கு அந்தக் கடிதத்தை டொரிங்டன் குற்றம் சாட்டினார். எலியட்டை யாரும் தொடவில்லை. பத்தாண்டு கழித்து, இலங்கை அரசாங்க மருத்துவத் துறையின் தலைமைப் பதவியிலேயே அவர் அமர்ந்தார்.

எலியட்டைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. கடிதம் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். இலண்டன் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது, டொரிங்டன் பதவியிழந்தார், வெறுப்புக்குள்ளான வரிகளும் கைவிடப்பட்டன. பெயரை மறைத்து எழுதுவது தன்னளவில் குற்றமல்ல. ஆனால் எழுதியவர் ஒருவர், சுடப்பட்டவர்கள் வேறு ஆட்கள். இதை மாத்தளை அன்றே பார்த்துவிட்டது. அடுத்த முறை பெயரில்லாத தாள் வந்தபோது அதில் நியாய வாதம் எதுவும் இருக்கவில்லை. கட்டளை மட்டுமே இருந்தது.

*

1987இல் தொடங்கி 1990 வரை இந்த மாவட்டத்தில் வாழ்ந்தவர்களிடம் ‘துண்டு’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். காலையில் கடைக்காரர் பலகையைத் தூக்கும்போது கதவிடுக்கில் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள் கிடக்கும். இன்று கடை திறக்கக் கூடாது. இரவில் விளக்கு எரியக் கூடாது. இந்தியப் பொருள் விற்கக் கூடாது. கையொப்பமிட்டவர் மனிதர் அல்லர், இயக்கம்: தேசப்பற்றுள்ள மக்கள் இயக்கம். அரசுக்கு எதிராகக் கிளர்ந்த ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவு அது. அவர்கள் கொன்றவரின் பிரேதப் பெட்டியைத் தோளில் சுமக்கவும் தடை. முழங்காலுக்கு மேலே உயரக் கூடாது என்பது உத்தரவு. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் போனால் சாவு என்று துண்டு வந்தது. மிகக் குறைவாக வாக்குப் பதிவான மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று.

அந்தத் துண்டை எழுதியவன் பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம். பாடசாலை ஆசிரியராக இருக்கலாம். சொந்தப் பகையைத் தீர்க்க எவனோ இயக்கத்தின் பெயரை இரவல் வாங்கியிருக்கவும் கூடும். சரிபார்க்க வழியே இல்லை. அதனால் வந்த துண்டுகள் அத்தனைக்கும் மக்கள் அடிபணிந்தார்கள்.

அரசின் பக்கமிருந்தும் பெயரில்லாதவர்களே பதில் சொன்னார்கள். கறுப்புப் பூனைகள், பச்சைப் புலிகள் என்ற பெயர்களில் சுவரொட்டிகள் முளைத்தன. இலக்கத் தகடில்லாத வாகனங்கள் வந்தன. வீதியோரம் டயரில் எரிந்த உடல்களுக்குப் பெயரில்லை. மாத்தளையில் அப்போது இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷ.

தம்புள்ளை ஊர்வலம் நடந்த அதே 2012ஆம் ஆண்டு நவம்பரில், மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் ஒரு கட்டுமான வேலைக்காகத் தொழிலாளர்கள் மண் வெட்டினார்கள். எலும்பு வந்தது. மேலும் வெட்ட, மேலும் எலும்பு. 150க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள். 1986க்கும் 1990க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று முதலில் நீதிமன்றத்தில் அறிக்கை வந்தது. பிறகு அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காபன் பரிசோதனை, 1950க்கு முந்தியவை என்றது. பிள்ளையைத் தேடி இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்த தாய்மார் படங்களைக் கையில் பிடித்தபடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். துண்டு எழுதியவனுக்கும் பெயரில்லை, குழிக்குள் கிடந்தவனுக்கும் பெயரில்லை.

அந்தக் குழியில் மண்வெட்டி விழுந்த நாட்களில், துண்டு எழுதக் கொப்பித்தாள் தேவையில்லாத காலம் வந்துவிட்டிருந்தது.

*

2012க்குப் பிறகு சிங்கள பேஸ்புக்கில் பக்கங்கள் பெருகின. நடத்துவது யார் என்று தெரியாது. இனத்தைக் காப்போம், மண்ணைக் காப்போம் என்ற தோரணையில் பெயர்கள். காலையில் புத்தர் படம், மதியம் பகிடிச் சித்திரம், மாலையில் முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே என்ற பதிவு. பகிடிக்காகச் சேர்ந்தவருக்குப் பகையும் சேர்த்தே பரிமாறப்பட்டது. கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான மையத்துக்காக ஷில்பா சமரதுங்கவும் சஞ்சன ஹத்தொட்டுவவும் இத்தகைய 20 சிங்களப் பக்கங்களை ஆராய்ந்து, 2014 செப்டெம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். அப்போது முஸ்லிம்களுக்கு எதிரான அளுத்கம கலவரம் முடிந்து மூன்று மாதம். அளுத்கம எரிந்த இரவில் பெரிய ஊடகங்கள் வாய்மூடிக் கிடந்தபோது, நடந்ததை வெளியே கொண்டுவந்ததும் இதே சமூக ஊடகம்தான். இந்த இரண்டு முகத்தையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

2015 முடிவில் ‘சிங்ஹ லே’ ஒட்டிகள் வந்தன. சிங்கத்தின் இரத்தம் என்று பொருள். ‘லே’ மட்டும் சிவப்பில். முகநூலில் தொடங்கியது முச்சக்கர வண்டிகளின் பின்கண்ணாடிக்கும் பஸ் கதவுக்கும் ஏறியது. 2016 ஜனவரியில் நுகேகொடையில் முஸ்லிம் வீடுகளின் மதிலில் அதே எழுத்து தெளிக்கப்பட்டிருந்தது. தெளித்தவர்கள் இனந்தெரியாதோர். ஒட்டி வாங்கியவர்களில் பலருக்கு அது அழகான ஓர் அலங்காரம், அவ்வளவே. தீவிரவாதம் ஊருக்குள் நுழைய இதைவிட வசதியான வாசல் கிடையாது.

பேஸ்புக்கின் உள்கணக்கு 2021இல் கசிந்த ஆவணங்களால்தான் தெரியவந்தது. 2017இலிருந்து, ஒரு பதிவுக்குக் கோபக் குறி போட்டால், விருப்பக் குறியைவிட ஐந்து மடங்கு எடை தரப்பட்டது. கோபமூட்டும் பதிவை இயந்திரமே தூக்கிக்கொண்டு கூடுதல் பேரிடம் ஓடியது. 1848இல் கடிதத்தை ஊரூராகத் தூக்கிப்போக ஆள் வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையையும் கம்பனி பார்த்துக்கொண்டது.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் ஏதோ கட்டி கிடக்கிறது என்று ஒருவர் சத்தம் போட்டார். கருத்தடை மாத்திரை போட்டாயா என்று கூட்டம் கேட்டது. சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர் அச்சத்தில் ஆமென்பதுபோல் பதில் சொல்லிவிட்டார். அது காணொளியானது. கடையை நொறுக்கினார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அந்தக் கட்டி வெறும் மாவு. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். கேட்பார் இல்லை. 23,000 மாத்திரை பிடிபட்டது என்ற பொய், உண்மையை விட்டு வெகுதூரம் முன்னே போய்விட்டிருந்தது.

அதே வாரம் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில், வீதித் தகராறில் முஸ்லிம் இளைஞர்கள் நால்வரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். மார்ச் 3 அன்று இறந்தார். தாக்கியவர்கள் அதற்கு முன்பே கைதாகிவிட்டார்கள். சட்டம் செய்யவேண்டியதைச் செய்திருந்தது. ஆனால் முகநூலில் அந்தச் சாவு, அம்பாறை மாவுக்கட்டியோடு சேர்ந்து ஓர் இனப்போராக உருவெடுத்தது. சிங்களக் கடும்போக்கு அமைப்பான மஹசோன் பலகாயவின் தலைவர் அமித் வீரசிங்க திகன கடைவீதியில் நடந்து, சிங்களவருக்கு இங்கே கடையே மிஞ்சவில்லை என்று ஒரு காணொளி போட்டார். தெல்தெனிய, திகன, கட்டுகஸ்தோட்டை, மாத்தளை வீதியில் அக்குறணை என்று தீ பரவியது. திகனவில் எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் மாண்டார். மார்ச் 6 அவசரகாலச் சட்டம். மார்ச் 7 முதல் 15 வரை பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கம். விபிஎன் வைத்திருந்தவர்கள் அப்போதும் உள்ளே போனார்கள்.

முஸ்லிம்களை, பச்சைக் குழந்தையைக்கூட விடாமல் கொல்லும்படி சிங்களத்தில் எழுதிய பதிவொன்றைப் பற்றி ஒருவர் பேஸ்புக்கிடம் முறையிட்டார். சில நாள் கழித்து, இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக்கிடமிருந்து பதில் வந்தது. அதே பேஸ்புக், இரண்டு ஆண்டு கழித்து, 2020 மே மாதத்தில் இலங்கையில் நேர்ந்த பாதிப்புகளுக்காக மன்னிப்புக் கேட்டது. எச்சரிக்கை அறிக்கை அவர்கள் கண்முன் கிடந்தது 2014இலிருந்து.

ஆனாலும் எல்லாப் பழியையும் முகமில்லாத பக்கங்கள்மேல் போடுவது, உண்மையான பொறுப்பாளிகளுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். 2018 கலவரத்தில் பொலிஸாரும் அரசியல்வாதிகளும் பங்குகொண்டதாகச் சாட்சிகளையும் சிசிடிவி காட்சிகளையும் வைத்து ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அமித் வீரசிங்க முகத்தைக் காட்டித்தான் பேசினார். மார்ச் 8 கைதாகி, சில மாதங்களில் பிணையில் வந்தார். தம்புள்ளையின் அதே வரிசைதான் இது. பெயரில்லாதவன் பற்றவைக்கிறான், பெயருள்ளவன் நடத்திவைக்கிறான், அதிகாரத்தில் இருப்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாமவன் ஒழுங்காக இருந்தால் முதலாமவனால் ஒரு கடையைக்கூட எரிக்க முடியாது என்பது என் முடிவு. மேலைநாட்டில் பெயரில்லாமல் எழுதக்கூடிய 4சான், 8சான் போன்ற தளங்கள் வேறு விதமாக வேலை செய்தன. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சேர்ச்சில் பள்ளிவாசல்களுக்குள் 51 பேரைக் கொன்றவன் 8சானில் அறிவித்துவிட்டுத் தனியாகப் போனான். நம் நாட்டில் தனியாள் குறைவு. கூட்டமும் குருமாரும் ஒன்றாக வருகிறார்கள்.

சட்டம் யார்மீது பாய்ந்தது என்பதையும் பாருங்கள். 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார தன் பேஸ்புக் பக்கத்தில் தன் சொந்தப் பெயரில் ஒரு சிறுகதை வெளியிட்டார். பௌத்தத்தை இழிவுபடுத்தியதாக முறைப்பாடு. ஏப்ரல் 1 அன்று கைது. நான்கு மாதம் மறியல். கைதுக்குப் பயன்பட்டது வெறுப்புப் பேச்சைத் தடுக்க இருந்த சட்டம். பெயர் போட்டு எழுதியவர் உள்ளே இருந்த அந்த நாட்களில், எங்கள் தமிழ்மொழியிலேயே ஒருவர் தலைமறைவாக இருந்துகொண்டு பேஸ்புக்கில் காணொளி மேல் காணொளியாக நஞ்சு பேசிக்கொண்டிருந்தார். காத்தான்குடி சஹ்ரான் ஹாஷிம். அவரைப் பற்றி முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அவர் தலைமையில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதற்குப் பிந்திய ஐந்து கிழமைகள்தான் இந்தத் தொடரின் நடு முடிச்சு. தம்புள்ளையிலிருந்து தென்மேற்கே போகும் ஏ-6 வீதி குருநாகலில் போய்ச் சேர்கிறது. 2019 மே 23, வியாழக்கிழமை காலை, ‘திவயின’ நாளேட்டின் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டாராம். அம்பாறையின் மாவுக்கட்டி இப்போது ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டது. செய்தியில் வைத்தியரின் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆதாரம் தந்தவர் பெயரும் இல்லை. மறுநாள் இரவு, குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஒருவரின் வீட்டு வாசலில் பொலிஸ் வந்து நின்றது.

(தொடரும்)